ஜோடியாய் வாங்கிய சாமான்கள்

தெருமுனையில் அந்தப் பழைய சாமான் ஆட்டோ நிற்கிறது. "பழைய இரும்பு, பழைய பிளாஸ்டிக், பழைய மிக்சி, கிரைண்டர், ஃபேன், சைக்கிள் எடுக்கிறோம்" என்று பதிவு செய்து வைத்த குரல் விடாமல் கத்துகிறது. வாரத்துக்கு இரண்டு தடவை கேட்கிற சத்தம்தான், காதில் விழுந்தும் விழாமல் போய்விடும். இன்றைக்கு என்னவோ ஒவ்வொரு சாமான் பெயரையும் என்னிடம் சொல்லிக்காட்டுகிற மாதிரி இருக்கிறது. சாயங்காலம் உன் வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போகும்படி உன் மகள் அந்த ஆட்டோக்காரரிடம் பேசி முடித்துவிட்டாள்.

அதற்குள் உன் வீட்டிலிருந்து நான் ஒரு பொருளை எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரே ஒரு பொருள். இதெல்லாம் ஒரு கஷ்டமா என்று கேட்பாய். உனக்கென்ன, நீ பாட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாய்.

உன் நாற்பதாம் நாள் ஃபாத்திஹா முந்தாநாள் முடிந்தது. மாமியார் வீட்டில் தங்கியிருக்கும் உன் மகளுக்கு வெள்ளிக்கிழமை துபாய்க்கு விமானம். வாடகை வீடு, வெள்ளையடித்து அடுத்தவருக்குக் கொடுக்க வீட்டுச் சொந்தக்காரர் அவசரப்படுகிறார். உன் குர்ஆனையும் போட்டோக்களையும் இரண்டு சேலைகளையும் எடுத்து வைத்துக்கொண்டு, சாவியை என் கையில் திணித்தாள். சின்னம்மா முறைக்கு என்னைச் சாச்சி என்று கூப்பிட நீ பழக்கியவள். "பெட்டியில இடமில்ல சாச்சி. மிச்சத்துல ஒங்களுக்கு எது பிரியமோ எடுத்துக்கங்க. ஒண்ணுமே எடுக்காம வெறுங்கையோட போனீகன்னா எனக்கு மனசு ஆறாது" என்றாள். சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. நானும் சரி சரி என்று தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

அப்புறம்தான் சங்கடம் ஆரம்பித்தது. நேற்று மட்டும் மூன்று முறை போய்க் கதவைத் திறந்தேன். ஒவ்வொரு பொருளாகத் தொட்டுப் பார்த்தேன். எதைத் தொட்டாலும் அதே பொருள் என் வீட்டில் இருக்கிறது. அதே நிறம், அதே அளவு, அதே கடை. வெறுங்கையோடு திரும்பி வந்தேன். என் வீட்டுக்காரர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "நம்மகிட்ட இருக்குறத இன்னொண்ணு எடுத்து என்ன பண்ணப் போற? வேண்டாம்னு அந்தப் புள்ளகிட்டச் சொல்லிட்டு வா" என்றார். அவருக்கு அது சுலபம். நான் வேண்டாம் என்று சொன்னால் உன்னுடையது அத்தனையும் அந்த ஆட்டோவில் ஏறிவிடும். எதையாவது கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம் என்றால், கை எதன்மேலும் நிற்க மாட்டேன் என்கிறது.

உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது. எழுந்தால் எதற்கு எழுந்தேன் என்று மறந்துவிடுகிறது. பேனாவைப் பிடித்தாலாவது ஓரிடத்தில் இருப்பேனோ என்றுதான் இதை எழுதுகிறேன்.

எல்லாவற்றுக்கும் நீதான் காரணம். கழனிவாசல் பக்கம் நாங்கள் குடிவந்த புதிதில், திங்கட்கிழமைச் சந்தையில் ஒரு பிளாஸ்டிக் குடத்துக்கு நான் பேரம் பேசத் தெரியாமல் நின்றுகொண்டிருந்தேன். கடைக்காரர் இறங்குவதாக இல்லை. பின்னாலிருந்து ஒரு குரல், "ரெண்டா எடுத்தா எம்புட்டு?" என்றது. திரும்பிப் பார்த்தால் நீ. பக்கத்து வீட்டில் துணி காயப்போடுகிறவள் என்பதைத் தவிர உன்னைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. கடைக்காரர் விலையைக் குறைத்தார். ஒரு குடத்தை என் இடுப்பில் வைத்தாய், இன்னொன்றை உன் இடுப்பில் வைத்துக்கொண்டாய். "இனி எது வாங்குனாலும் சொல்லு, சேந்தே வருவோம்" என்றாய்.

அன்றைக்குப் பிடித்த வழக்கம். எனக்கு வக்கீல் ஆபீசில் டைப் அடிக்கும் வேலை. உன் வீட்டுக்காரர் இருந்த காலம் அது, சவுதியில் டிரைவர். அங்கிருந்து பணம் ஒரு மாதம் வரும், ஒரு மாதம் வராது. இரண்டு வீட்டுக்கும் மலிவாக வாங்கியே ஆகவேண்டிய கட்டாயம். ஆபீசுக்குப் போகுமுன் சந்தைக்குள் ஒரு சுற்று சுற்றிவிடுவோம். நம்மைக் கண்டாலே கடைக்காரர்கள், "ரெட்டை வந்துருச்சுப்பா, வெலையக் கொறைச்சே சொல்லு" என்பார்கள்.

மலிவு என்றால் கண்டதையும் வாங்குகிற ஆள் இல்லை நீ. வாளியைக் கவிழ்த்து முட்டியால் தட்டிப் பார்ப்பாய். நாற்காலியில் உட்கார்ந்து அங்குட்டும் இங்குட்டும் ஆட்டுவாய், கடைக்காரர் "யம்மா, வாங்குறதுக்கு முந்தியே ஒடச்சுராதீக" என்று அலறுவார். "பளபளன்னு இருக்கறதெல்லாம் கடைக்காரனுக்குத்தான் ஒழைக்கும், நமக்கு ஒழைக்காது" என்று சொல்லிவிட்டு, ஓரத்தில் தூசி படிந்து கிடப்பதை இழுப்பாய். எனக்கு அவமானமாக இருக்கும். வாங்கி வந்த பிறகு பார்த்தால், அது வருஷக்கணக்கில் உழைக்கும். நான் தனியாகப் போய் நல்ல கடையில் நல்ல விலை கொடுத்து வாங்கிய மிக்சி மூன்றாம் வருஷம் புகை விட்டது. அதைச் சொல்லிச் சொல்லியே எத்தனை நாள் சிரித்தாய்.

அந்த மேசை ஃபேனையே பார். பொட்டலில் போட்டிருந்த தற்காலிகக் கடையில் வாங்கினோம். கம்பெனி பெயர்கூட அதில் கிடையாது. "உத்தரவாதமெல்லாம் கேக்காதீக, ஓடுற வரைக்கும் ஓடும்" என்றார் விற்றவர். அந்த நேர்மை பிடித்துத்தான் நீ ரெண்டு எடுத்தாய். என் பிள்ளைகள் அதன் காற்றில்தான் பரீட்சைக்குப் படித்தார்கள். உன் மகள் பிரசவத்துக்கு வந்தபோது பேரனுக்கு அதுதான் காற்று. நடுவில் உன் ஃபேனின் திருகு உடைந்தது, என்னுடையதிலிருந்து கழற்றிப் போட்டோம். என்னுடையது கழுத்து சாய்ந்தது, உன்னுடையதைப் பார்த்து அதேபோல் கம்பி கட்டினோம். "ஒண்ணு நின்னா இன்னொண்ணு உசுரு குடுக்கும்டி" என்பாய். இரண்டும் இன்றைக்கும் ஓடுகின்றன. மலிவாக வாங்கியதெல்லாம் ஓடுகிறது, நீ காய்ச்சல் என்று படுத்து ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. எனக்கு இதில் கோபம்தான் அதிகம், அழுகை அப்புறம்தான் வருகிறது.

புத்தியாக யோசித்தால் அந்த ஃபேனைத்தான் எடுக்க வேண்டும், உதிரி பாகத்துக்காவது ஆகும். அப்படி நினைத்துத்தான் நேற்று இரண்டாம் தடவை போனேன். திருப்புளியும் கையோடு கொண்டு போனேன். உன் ஃபேனைக் குப்புறப் போட்டுப் பிரித்து எடுப்பதை நினைத்ததும் திருப்புளியை இடுப்பில் செருகிக்கொண்டு வந்துவிட்டேன்.

இரு, குக்கர் விசில் அடிக்கிறது. அணைத்துவிட்டு வருகிறேன்.

கண்டனூர் ஞாபகம் இருக்கிறதா? அங்கே ஒரு பெரிய வீட்டில் பழைய சாமான்களை விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டு பஸ் ஏறிப் போனோம். கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் மட்டுமே திறக்கிற வீடு. முகப்பில் பீங்கானும் விளக்கும் பரப்பி வைத்து, சென்னையிலிருந்து காரில் வந்தவர்கள் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். நீ ஒரு பூப்போட்ட பீங்கான் கெட்டிலைத் தூக்கி, "ஆச்சி, இதுல காப்பி ஊத்துனா ஒழுகுமா?" என்று கேட்டாய். அந்த வீட்டு ஆச்சி சிரித்துவிட்டார். "அதுல யாரு இப்பக் காப்பி ஊத்துறா? அழகுக்கு வைக்கிறது" என்றார். "அப்ப எங்களுக்கு ஆகாது ஆச்சி, நாங்க பொழங்குற சாமானுக்குல்ல வந்தோம்" என்றாய். அவருக்கு உன்னைப் பிடித்துவிட்டது. பின்கட்டில் கரி பிடித்துக் கிடந்த இரண்டு குட்டை ஸ்டூல்களைக் காட்டி, "அதக் கேட்டு யாரும் வரல, கொடுக்கறதக் கொடுத்துட்டு எடுத்துட்டுப் போங்க" என்றார். ஆளுக்கு ஒன்றாக மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தோம், கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் போடட்டுமா என்று கேலி செய்தார்.

கரியைச் சுரண்டிக் கழுவிய பிறகுதான் அது தேக்கு என்றே தெரிந்தது. பின்னால் ஒரு நாள் பழம்பொருள் வியாபாரி ஒருவர் பார்த்துவிட்டு, "ரெண்டையும் குடுத்துருங்க, கேக்குற வெலை தாரேன்" என்று மல்லுக்கட்டினார். "குடுத்துட்டு நாங்க எங்குட்டு ஒக்காந்து காய் நறுக்குறது?" என்று நீ அவரை அனுப்பிவிட்டாய். உன் வீட்டுப் பின்வாசலில் ஒன்று, என் வீட்டுப் பின்வாசலில் ஒன்று, நடுவில் இடுப்பளவு சுவர். உட்கார்ந்தால் முகம் தெரியாது, குரல் மட்டும் வரும். முகம் பார்த்துப் பேச வேண்டிய விஷயம் என்றால் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு இங்குட்டு வந்துவிடுவாய்.

அந்த ஸ்டூலை எடுத்துக்கொள் என்று நீயே சொல்லுவாய். எடுத்து வந்தால் என் பின்வாசலில்தான் போட வேண்டும். எதிரே காலி ஸ்டூலை வைத்துக்கொண்டு நான் எப்படி உட்கார்ந்து கீரை ஆய்வது? என்னால் முடியாது, போ.

தூக்குவாளி இருந்தால் யோசிக்காமல் அதை எடுத்திருப்பேன். என்னிடம் இல்லாதது அது ஒன்றுதான். நாம் வாங்கிய இரண்டு எவர்சில்வர் தூக்குவாளியிலும், பெயர் வெட்டுகிறவர் உன் பெயரையே வெட்டி வைத்துவிட்டாரே, அந்தக் கூத்தை மறந்திருக்க மாட்டாய். நீ முதலில் உன் பெயரைச் சொன்னாய், நாம் இருவரும் நம் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தோம், அவர் பாட்டுக்கு இரண்டிலும் 'டிக் டிக்'கென்று வெட்டி முடித்துவிட்டார். "ரெண்டும் ஒரு வீட்டுச் சாமான்னுல்ல நெனச்சேன்" என்றார். வெட்டியதை அழிக்கவா முடியும்? உன் பெயரோடு என் வீட்டில் பால் வாங்கிக்கொண்டிருந்தேன்.

அது என் மகள் கல்யாணத்தில் வந்து மாட்டியது. சீர் பாத்திரங்களை வரிசையாகப் பரப்பியபோது, அவசரத்தில் யாரோ அந்த வாளியையும் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். மாப்பிள்ளை வீட்டு அத்தை ஒருத்தி ஒவ்வொரு பாத்திரமாக எடுத்துப் பெயரைப் படித்துக்கொண்டே வந்தவள், அதில் நின்றாள். "இது யாரு பேரு? இரவல் சாமானா?" என்று சத்தமாகக் கேட்டாள். சபையே திரும்பிப் பார்க்கிறது. நீ கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாய். "எம்பேருதேன். பொண்ணுக்குச் சாச்சி சீரு" என்றாய். அந்த அம்மாள் விடவில்லை. "வெறும் வாளியா இருக்கு?" என்றாள். "வெறும் வாளி வப்பனா? லட்டு ஆறட்டும்னு இருந்தேன்" என்று சொல்லி, பந்திக்கட்டுக்குள் போய் அது நிறைய லட்டோடு வந்து வைத்தாய். எங்கள் லட்டைத்தான் எடுத்து எங்களுக்கே சீர் வைத்தாய். அன்றைக்கு நீ என் மானத்தைக் காப்பாற்றியதை நான் வாய்விட்டுச் சொன்னதே இல்லை, உன்னிடம் அதெல்லாம் சொன்னால் அடிக்க வருவாய்.

அந்த வாளி என் மகளோடு திருப்பூர் போய்விட்டது. உன்னுடைய வாளியை உன் மகள் துணி சுற்றிப் பெட்டிக்குள் வைத்துவிட்டாள். உன் பெயர் இருக்கிறதே, அவளுக்குத்தானே அது. பெட்டியில் இடமில்லை என்றவள் அதற்கு மட்டும் இடம் கண்டுபிடித்துவிட்டாள்.

மணி மூன்றாகப் போகிறது. எழுதிக்கொண்டே இருந்தால் ஆட்டோ வந்துவிடும். போய்விட்டு வந்து எழுதுகிறேன்.

போய்விட்டு வந்தேன். நேற்று எழுதியதன் கீழேயே தொடர்கிறேன், இப்போது மறுநாள் காலை.

நான் போனபோது உன் மகள் கூடத்தில் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தாள். நான் நேராக அடுப்படிக்குப் போனேன். எதையும் எடுக்கப் போகவில்லை, கைக்கு வேலை வேண்டும் போலிருந்தது. உன் தோசைக்கல் அடுப்பு மேலேயே இருந்தது. நீ படுக்கையில் விழுந்த அன்று ஊற்றிய மாவாக இருக்கும், ஓரத்தில் காய்ந்து ஒட்டியிருந்தது. பழைய சாமானாகப் போனாலும் அழுக்காகப் போக வேண்டாம் என்று, ஆணியில் தொங்கிய தோசைத் திருப்பியை எடுத்துச் சுரண்ட ஆரம்பித்தேன்.

சுரண்டவே வரவில்லை. அதே திருப்பிதான், சந்தையில் கொல்லர் அடித்து வைத்திருந்த இரண்டில் நான் ஒன்று, நீ ஒன்று. என் வீட்டில் தினமும் அதன் ஜோடியைத்தான் பிடிக்கிறேன். ஆனால் இது கல்லில் படிய மாட்டேன் என்கிறது, மணிக்கட்டைத் திருப்ப வேண்டியிருக்கிறது. ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். என்னுடையதில் இடது மூலை தேய்ந்து மழுங்கியிருக்கும். உன்னுடையதில் வலது மூலை தேய்ந்து சாய்ந்திருந்தது.

நீ இடது கைக்காரி. எனக்குத் தெரியாததா? ஆனாலும் திக்கென்றது.

சின்ன வயதில் உன் அம்மா அந்தக் கையில் வேப்பெண்ணெய் தடவி வைப்பார் என்று சொல்லியிருக்கிறாய். கல்யாண வீட்டில் பரிமாற நின்றால் வலது கையில் கரண்டியைப் பிடித்து, குழம்பை இலைக்கு வெளியே ஊற்றிவிட்டு முழிப்பாய். விருந்தாளி யாராவது அடுப்படிக்கு வந்துவிட்டால் சட்டென்று கை மாற்றிக்கொள்வாய், அன்றைக்குத் தோசை கோணல்மாணலாக வரும். நான் வந்தால் மாற்ற மாட்டாய். சுவரில் சாய்ந்துகொண்டு நான் பேசிக்கொண்டிருப்பேன், உன் இடது கை பாட்டுக்குத் திருப்பிப் போட்டுக்கொண்டே இருக்கும், ஒரு தோசை பிய்ந்து நான் பார்த்ததில்லை. "இந்த வீட்டு ஆளுகளத் தவிர ஒன் முன்னாடி மட்டுந்தாண்டி இந்தக் கைக்கு வேலை" என்று ஒரு தரம் சொன்னாய். சொல்லிவிட்டு, அடுத்த தோசையை என் தட்டில் போட்டாய். நானும் சட்னியைத் தொட்டுத் தின்றேன்.

இத்தனை வருஷமாக ஒரே மாதிரி சாமான், ஒரே மாதிரி சாமான் என்று சொல்லிக்கொண்டிருந்தோமே. ஒருநாளும் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை.

கல்லை நன்றாகக் கழுவித் துடைத்து வைத்துவிட்டு, திருப்பியை மட்டும் எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தேன். உன் மகள் போனை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"இதா சாச்சி? இத்தன சாமான் இருக்கு, இதையா எடுக்குறீக? இது ஒங்ககிட்டயும் இருக்குமே, ரெண்டும் ஒரே கொல்லரு அடிச்சதுன்னு அம்மா சொல்லுமே."

"இல்லத்தா" என்றேன். "இது எங்கிட்ட இல்ல."

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் தலையைத் தடவிவிட்டு வந்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் ஆட்டோ வந்தது. உன் ஃபேனும் ஸ்டூலும் குடமும் ஏறுகிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்க்க வேண்டாம் என்று இருந்தேன், பார்த்தும்விட்டேன். ஸ்டூலைக் கையில் எடுத்த ஆட்டோக்காரர் ஒரு நிமிஷம் தட்டிப் பார்த்துவிட்டு, அதைத் தன் சீட்டுக்குப் பக்கத்தில் தனியாக வைத்துக்கொண்டார். அவருக்கும் கண் இருக்கிறது.

இன்று காலையில் உன் திருப்பியைப் பிடித்துத் தோசை ஊற்றினேன். வலது கையில் பிடித்தால் அது மாவுக்கு அடியில் போகவே போகாது. இடது கைக்கு மாற்றினேன். முதல் தோசை இரண்டாகக் கிழிந்தது, இரண்டாவது கல்லோடு ஒட்டிக்கொண்டது. என் வீட்டுக்காரர் தட்டைப் பிடித்தபடி நின்று, "என்ன இது புதுசா, நொட்டாங்கையில?" என்றார். கிழிந்ததை அவர் தட்டில் வைத்தேன். அவர் உன் வீட்டுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, தட்டை எடுத்துக்கொண்டு போனார்.

மூன்றாவது தோசை ஓரளவு முழுசாக வந்தது. அதை யாருக்கும் வைக்கவில்லை. இடது கையால் திருப்பி எடுத்து, அடுப்படியில் நின்றபடியே நானே தின்றேன்.